ஸ்டோக் ரோ மகாராஜா கிணற்றுக்கு எழுத்துவழிப் பராமரிப்பு உடன்படிக்கை கோரும் மனு

அனுப்புநர்
பழைய வார்ப்பிரும்பு, சுண்ணாம்புக் காரை வேலைகளில் ஈடுபட்டுள்ளோர்

பெறுநர்
பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
தெற்கு ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்ட மன்றம்

பொருள்: இங்கிலாந்தின் ஸ்டோக் ரோ கிராமத்திலுள்ள 1864ஆம் ஆண்டின் கிணறு, காவலர் குடில், செர்ரித் தோப்பு, குளம் ஆகியவற்றைப் பராமரிக்க ஒரே உடன்படிக்கை செய்துதர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கிணற்றில் இன்று ஏதோ இடிந்துவிட்டது என்று முறையிட இந்த மனுவை எழுதவில்லை. அதைப் பேணிவரும் அறக்கட்டளையோடு தங்கள் மன்றம் 1990ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள் சட்டம், பிரிவு 26ஏ-யின் கீழ் ஒரு கூட்டு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அந்தச் சட்டப்படி, இடிப்பதற்கும் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்துக்கும்தான் முன் இசைவு தேவை. இருந்ததை இருந்தபடியே பழுதுபார்க்க இசைவு தேவையில்லை. 'வெறும் பெயின்ட்தானே', 'கொஞ்சம் சிமென்ட்தானே' என்று நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடுகளெல்லாம் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. எந்த வேலை தன்மையைப் பாதிக்கும், எது பாதிக்காது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க 26ஏ இடம் தருகிறது.

சில்டர்ன் மேட்டின் தலையில் இருக்கும் ஊர் இது. மேலே களிமண், அதற்குக் கீழே சீமைச்சுண்ணாம்புப் பாறை. மழை நீர் பாறைக்குள் இறங்கி ஆழத்தில்தான் தங்கும். அதனால் குட்டைகளையும் களிமண் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரையும் நம்பியே மக்கள் இருந்தார்கள். பக்கத்து இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் இந்தியாவில் அதிகாரியாக இருந்தபோது 1831இல் அசம்கரில் பொதுக் கிணறு வெட்டுவித்தவர். இந்த ஊரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன கதை மனதில் நின்றதால், காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் இங்கே ஒரு கிணற்றுக்குப் பணம் கொடுத்தார். 1863 மார்ச்சில் தோண்டத் தொடங்கி, 1864 மே 24 அன்று, விக்டோரியா அரசியின் பிறந்தநாளில் திறந்தார்கள். செலவு 353 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ். ஆழம் 368 அடி, விட்டம் 4 அடி. கையால் வெட்டி மேலேற்றிய மண்ணும் பாறையும் கணக்குப்படி சுமார் 130 கன மீட்டர். 23 அடி உயரக் குவிமாடத்தையும் ஏற்ற இயந்திரத்தையும் செய்தது வாலிங்ஃபோர்டின் வைல்டர் பட்டறை. ஆகவே இதை 'இந்தியக் கட்டடம்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ஓர் ஆங்கில வார்ப்புப் பட்டறை இந்தியாவை எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கான சான்று இது.

முதலில் இரும்பு. வார்ப்பிரும்பு தானாகச் சீக்கிரம் அரிக்காது. அதைக் கெடுப்பது இணைப்பில் தேங்கும் நீர். குவிமாடத்தைத் தாங்கும் தூணும் அடிப்பீடமும் சேரும் இடம், தூண் தலையில் வளையம் உட்காரும் இடம், மரையாணித் துளை ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வார்ப்பிரும்போ வளையாது, விரிசல்தான் விடும். பூச்சின் மேல் பூச்சாக அடித்துக்கொண்டே போனால் நீர் வெளியேறும் சந்துகள் அடைபட்டு, பளபளப்புக்கு அடியில் துரு வளரும். அதனால் வண்ணம் அடிப்பதற்கு முன் நான்கைந்து இடங்களில் பூச்சுச் செதிலெடுத்து, குறுக்குவெட்டாக உருப்பெருக்கியில் பார்த்து, பழைய அடுக்குகளின் நிறங்களைப் பதிவுசெய்ய வேண்டும். சுரண்டிய பிறகு அந்தச் சாட்சி திரும்பக் கிடைக்காது. அந்தக் காலப் பூச்சில் ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். உலர் மணல் வீச்சு கூடாது, நனைத்துக் கையால் சுரண்டிக் கழிவைத் தனியே அகற்ற வேண்டும். வெற்று இரும்பு தெரிந்த இடத்தில் அன்றே துத்தநாக பாஸ்பேட் அடிப்பூச்சு ஏற வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ, காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட இரும்பின் வெப்பநிலை 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ அன்று வேலையை நிறுத்திவிடலாம். விரிசலைப் பற்றவைப்பது பெரிய தவறு. சூட்டில் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும். சூடேற்றாமல், விரிசலின் குறுக்கே உலோகப் பூட்டுகளைப் பொருத்தி இறுக்கும் 'உலோகத் தையல்' போடுவதே சரி. இயந்திரத்தின் மேல் நிற்கும் யானைச் சிலைக்குத் தங்கப் பெயின்ட் வேண்டாம்: அதிலுள்ள வெண்கலத் தூள் சீக்கிரம் கறுக்கும். எண்ணெய்ப் பசையில் ஒட்டிய தங்க ரேக்கு பல ஆண்டு நிற்கும்; கூலி கூடுதல் என்பது உண்மைதான்.

செங்கல் வேலைக்குச் சிமென்ட் கூடாது. மென்செங்கல்லின் ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் போனால், உறைபனியில் செங்கல்லின் முகம்தான் உதிரும். சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே பூசக் கூடாது. ஆகவே இந்த வேலைகளை ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வைக்கும்படி உடன்படிக்கையில் சேர்க்கக் கோருகிறோம்.

குழியின் மேற்பகுதி உறைபனி எட்டும் இடம் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். ஆனால் ஆளை இறக்க வேண்டாம். இத்தகைய பாறைக் கிணற்றில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடலாம். காற்றழுத்தம் சட்டென்று குறையும் நாளில் பாறைக்குள் இருக்கும் கெட்ட காற்று மேலேறும். நேற்று சரியாக இருந்த கிணறு இன்று ஆளைக் கொல்லலாம். விளக்குப் பொருத்திய கேமராவை இறக்கி, ஒவ்வொரு 5 மீட்டருக்கும் நான்கு திசைப் படங்கள் எடுத்தால் போதும். அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட அதுவே அளவுகோல். வாய்க்கு எந்த மூடி போட்டாலும் காற்று போகும் வழி விட வேண்டும். முழுதாக அடைத்தால் உள் ஈரம் மூடியின் அடிப்புறத்தில் வேர்த்து நிற்கும்.

ஏற்ற இயந்திரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுமையில்லாமல் ஒரு முழுச் சுற்றாவது சுற்ற வேண்டும். நின்றே கிடந்தால் கிரீஸ் இறுகிப் பற்கள் ஒட்டும். காட்சிக்காக வாளியை அடிவரை இறக்க யாரும் ஆசைப்படக் கூடாது. 10 மி.மீ. எஃகு வடம் மீட்டருக்குச் சுமார் 400 கிராம். 112 மீட்டருக்கு 45 கிலோ. 40 லிட்டர் வாளித் தண்ணீரைவிட வடமே கனம். பழைய பற்சக்கரத்தில் ஒரு பல் முறிந்தால் கைப்பிடி எதிர்த்துச் சுழலும்.

கிணற்றைப் பேண வருமானம் வரட்டும் என்றே அருகில் செர்ரித் தோப்பு வைத்தார்கள். 'ஈஸ்வரி பாக்' (ஈஸ்வரி தோட்டம்) என்ற பெயரே கொடையாளியைச் சொல்கிறது. தோப்பு போனால் கிணறு அலங்காரப் பொருளாகிவிடும். எனவே எண்கோணக் குடிலையும் தோப்பையும் மீன் வடிவக் குளத்தையும் அதே உடன்படிக்கைக்குள் கொண்டுவர வேண்டும். பட்டுப்போகும் மரத்துக்கு மாற்றாகக் குட்டை ரகம் வைக்காமல், உயர வளரும் அடிக்கன்றில் ஒட்டுக்கட்டிய செர்ரியை மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நட வேண்டும். குளத்தைத் தூர்வாருவோர் அடிக்களிமண்ணைக் கீறாமலிருக்க ஆழத்தை முன்பே அளந்து குறித்துத் தர வேண்டும். கீறினால் தண்ணீர் நேராகப் பாறைக்குள் போய்விடும்.

மேற்சொன்னவற்றைத் தன்மையைப் பாதிக்காத வேலை, தனி இசைவு பெற வேண்டிய வேலை என்று பிரித்து வரைவு ஒன்றைத் தயாரித்து, அறக்கட்டளைக்கும் ஊர் மன்றத்துக்கும் அனுப்பி, அடுத்த வண்ணப்பூச்சு வேலை தொடங்கும் முன் கையெழுத்தாக ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். பூச்சு மாதிரி எடுக்கவும் கேமராப் பதிவுக்கும் எங்கள் உழைப்பை ஊதியமின்றித் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்