ஒகேனக்கல் தண்ணீருக்குத் தனித் தொட்டி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கோடை தொடங்கியதும் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சம்ப்பை (தரைக்கடித் தொட்டியை) பெரிதாக்குவது பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முன், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் பிடித்து வைக்க 300 லிட்டர் தனித் தொட்டி ஒன்றைப் பற்றி யோசியுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்குள் கிடக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல் காவி படிவதும், பெரியவர்களின் முட்டியும் முதுகும் இறுகிப்போவதும் இதனால்தான். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள்.

அந்தத் தண்ணீர் வீடு வரைக்கும் நல்லபடியாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் அதைப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் இருக்கும் சம்ப்பிலேயே விட்டுவிடுகிறோம். இந்தியத் தர அளவின்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. உங்கள் போரில் 3, குழாய்த் தண்ணீரில் 0.4 என்று கணக்குப் போடுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.7. மூன்று பங்கு காவிரிக்கு ஒரு பங்கு போர் சேர்த்தாலும் 1.05.

காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். அளவு கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் கேண்டில் ஃபில்டரில் ஊற்றினாலும் போகாது. கையில் டிடிஎஸ் மீட்டர் வைத்துக்கொண்டு "உங்க தண்ணீர் சுத்தம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மொத்த உப்பு எவ்வளவு என்று மட்டும்தான் அது காட்டும். ஆர்ஓ மெஷின் ஃபுளோரைடைக் குறைக்கும், ஆனால் அது வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் கூடுதலாக இருக்கும். அதை மாட்டுக்கு வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

ஜல் ஜீவன் திட்டக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதில் குடிக்கவும் சமைக்கவும் ஏழு லிட்டர் போதும். ஐந்து பேர் வீட்டுக்கு 35 லிட்டர், வாரத்துக்கு 245. குழாய் உடைந்து சில நாள் தண்ணீர் வராவிட்டாலும் 300 லிட்டர் தொட்டி தாங்கும்.

தண்ணீர் மீட்டருக்குப் பிறகு ஒரு டீ (பைப்பை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) போட்டு, தொட்டிப் பக்கம் கேட்வால்வு, என்ஆர்வி (ஒருவழி வால்வு), உள்ளே மிதவை வால்வு வையுங்கள். என்ஆர்வி இல்லாவிட்டால் லைனில் அழுத்தம் குறையும்போது தண்ணீர் பின்னுக்குப் போகும். என்ஆர்வி மேல் உள்ள அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும்; தலைகீழாக மாட்டிவிட்டு "தண்ணியே ஏறல" என்று வருகிறவர்கள் உண்டு. தொட்டியின் அடியில் இருக்கும் குழாய்க்குக் கீழே குடம் நிற்கும் உயரத்துக்கு மேடை கட்டினால் போதும். மாடிக்கு ஏற்ற வேண்டியதில்லை. லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படியும் தவறு, விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும். அதற்கான சாமான் கேட்டால் எங்களிடம் கிடைக்காது.

போர் தண்ணீர் துவைக்க, கழுவ, செடிக்கு. அதற்கும் மழைதான் ஊற வேண்டும். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் பைப் இன்றும் தரையில்தான் முடிகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 740 லிட்டர் பிடிக்கலாம். போரிலிருந்து பத்தடி தள்ளி, செப்டிக் டேங்கிலிருந்து நன்றாக விலகி, நாலுக்கு நாலு அடி, ஆழம் ஆறடி குழி எடுங்கள். அடியில் 40 எம்எம் ஜல்லி, மேலே 20 எம்எம், அதற்கு மேல் நைலான் வலை விரித்து ஆற்று மணல். போரின் கேசிங்குக்குள் (துளைக்குள் இறக்கிய பைப்புக்குள்) மாடித் தண்ணீரை நேராக விடவே கூடாது. முதல் மழையின் அழுக்கு வெளியே போக ஒரு பைபாஸ் வால்வு வேண்டும், அதை மறுபடி மூட மறக்கவும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டில், மேல் மூன்று அங்குல மணலை எடுத்து அலசிப் போடுங்கள். மண்டி அடைத்தால் குழி வெறும் தண்ணீர் தேங்கும் தொட்டிதான், கொசுவும் வரும்.

சாமான் வாங்க வரும்போது மீட்டரிலிருந்து தொட்டி வைக்கும் இடத்துக்கு எத்தனை அடி, வீட்டுக்கு வரும் பைப் அரை அங்குலமா முக்கால் அங்குலமா, வளைவு எத்தனை என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பைப், மோட்டார் கடையினர்
தருமபுரி