ட்ராயிங் பீரியட புள்ளைககிட்டயே விட்டுடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

பரீட்சை பயம் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். டைம்டேபிள் போடு, விடியக்காலைல எந்திரின்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்கிற அந்த நேரத்துல புள்ள என்ன பண்ணும்னு ஒரு வரி இல்ல, அதான் எழுதுறேன்.

என் பேரன் பத்தாவது. அரையாண்டு பரீட்சைக்கு அப்பறம் தூக்கமே போச்சு, பேனாவ புடிச்சா கை நடுங்குது. நல்லா படம் போடுற பய, ஆனா அவன் ஸ்கூல்ல ட்ராயிங் பீரியடு டைம்டேபிள்ல மட்டும்தான் இருக்கு, அந்த நேரத்துல கணக்கு டெஸ்ட் வெச்சிடுறாக.

எங்க அப்பச்சி பர்மா ரங்கூன்ல வட்டிக்கடைல பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடி வேலைக்கு இருந்தவுக, 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு 42ல நடந்தே ஊர் வந்து சேந்தவுக. அங்க ஒரு புத்த பிக்குகிட்ட மூச்சு பாக்க கத்துக்கிட்டாக, கடைசி வரைக்கும் வீட்டுப் பட்டாலைல காலைல அதுக்கு உக்காந்துருவாக. மூச்ச இழுக்கவும் வேணாம் அடக்கவும் வேணாம், நீளமா வந்தா நீளம்னு தெரிஞ்சுக்க, குட்டையா வந்தா குட்டைன்னு தெரிஞ்சுக்கன்னு சொல்லுவாக. பிராணாயாமத்துக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம். பாலி மொழியில இதுக்கு ஆனாபானசதின்னு பேரு, புத்தர் 16 படியா சொல்லிருக்காரு. மரம் அறுக்கிறவன் கவனம் ரம்பப் பல்லு மரத்த தொடுற எடத்துலதான் இருக்கும், அது மாதிரி மூக்கு நுனில நில்லுன்னு பழைய நூல்லயே உவமை இருக்கு, பர்மா தேக்குல வீடு கட்டுன செட்டிநாட்டுக்காரவுக நமக்கு இத வெளக்கவா வேணும்? இன்னொண்ணு, இந்த வழிய விபாசனா தியானம் கத்துக் குடுத்த கோயங்காவுக்கு சொல்லிக் குடுத்த ஊ பா கின், பர்மாவோட அக்கவுண்டன்ட் ஜெனரலா, அதாவது அரசாங்கக் கணக்குக்கு பெரிய அதிகாரியா இருந்தவரு, கோயங்கா 1969ல அத இந்தியாவுக்கு கொண்டாந்தாரு. அதனால இது சாமியாருக்கு மட்டும் உள்ளதுன்னு யாரும் சொல்ல வேணாம்.

ஆனா பதினஞ்சு வயசுப் பயல கண்ண மூடி உக்காருடான்னா உக்காருவானா. ரெண்டு நிமிசத்துல பயம் இன்னும் கூடுதுன்னு எந்திரிச்சுட்டான், சில பேருக்கு அப்படித்தான் ஆகும், வற்புறுத்தக் கூடாது. அதனால பென்சில கையில குடுத்தேன், உள்ள போற மூச்சுக்கு கோடு மேல, வெளிய வர்ற மூச்சுக்கு கீழ, கண்ண தொறந்துக்கிட்டே போடுன்னு. மொத நாள் கோடெல்லாம் ஊசி மாதிரி குத்திக்கிட்டு நின்னுச்சு, பத்து நாள்ல கம்மாய்த் தண்ணி அலை மாதிரி படுத்துருச்சு. அந்த தாள அவனே செவத்துல ஒட்டி வெச்சிருக்கான்.

லீவுல ஆத்தங்குடிக்கு, தரைக்கு பதிக்கிற பூக்கல்லு செய்யிற பட்டறைக்கு கூட்டிப் போனேன். கண்ணாடி மேல அச்ச வெச்சு கட்டத்துக்கு ஒரு கலரா சிமெண்டுக் குழம்ப ஊத்துவாக, அச்ச தூக்குறப்ப கை ஆடுச்சுன்னா செவப்பு போயி பச்சைல கலந்துரும். அங்க கல்லு செய்யிற அண்ணன் அச்ச தூக்குற நேரம் பாத்து மூச்ச மெதுவா விடுறத இவன் கவனிச்சு எனக்கு காதுல சொன்னான். மூச்சு நீளமா வெளிய போனா நெஞ்சுத் துடிப்பு கொறையும்னு டாக்டர்களும் சொல்றாகளே, அது அந்த அண்ணனுக்கு கைப்பழக்கத்துலயே இருக்கு. பேரன் அந்த பட்டறைச் சத்தத்தயெல்லாம் போன்ல ரெக்கார்ட் பண்ணி வந்து படுக்கிறப்ப கேக்குறான், தூங்குறான். ரீல்ஸ் பாத்துக்கிட்டு கெடந்த அதே போன்தான்.

இதுவே மருந்துன்னு நான் சொல்லல. உசுர விட்டுடலாம்னு தோணுற புள்ளைய டாக்டர்கிட்டதான் கூட்டிப் போகணும், அரசாங்கத்தோட மனநல உதவிக்கு உள்ள 14416 டெலிமானஸ் நம்பருக்கு எந்நேரமும் ஃப்ரீயா பேசலாம், அத ஸ்கூல் போர்டுல எழுதிப் போடுங்க.

கல்வித் துறைய நான் கேக்குறது, காலைல பத்து நிமிசம் மூச்சுக் கோடு போட விடுங்க, வாரத்துக்கு ஒரு பீரியடு படமோ ஓலைக் கொட்டான் கூடை பின்றதோ போன்ல கதை பதியிறதோ எதாச்சும் மார்க் இல்லாம செய்ய விடுங்க, அந்த பீரியட கணக்குக்கு குடுக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு அப்பத்தா,
காரைக்குடி பக்கத்துலேருந்து