217 ஏட்டனுக்கும் நம் மில்காரர்கள் எல்லாருக்கும்

வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. கழுத்தில் குழாய் இருந்த இடம் இன்னும் முழுசாக மூடவில்லை. மேலே பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறார்கள், பேசினால் பாதிக் காற்று அங்கேயே போய்விடுகிறது. வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் நான் மெல்ல மெல்லச் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். உடம்பு தேறிய பிறகு எழுதலாமே என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று இரவு ஹைவேயில் நடந்த விபத்து பாலக்காட்டுப் பக்கம் நம் கஞ்சிக்கோட்டில் தெரியாதவர் இல்லை. அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. இந்த மடல் நம் பஞ்சு மில்காரர்களுக்கு. முதலில் டோக்கன் நம்பர் 217க்கு.

மில்லில் வேலை செய்யாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பெயருக்கு முன்னால் நம்பர்தான் நாக்கில் வரும். கேட்டில் நம்பர், சம்பளக் கவரில் நம்பர், கேன்டீன் டோக்கனில் நம்பர். நான் 164. மில் மூடி இத்தனை வருஷம் கழித்தும் சந்தையில் யாராவது "நூத்தி அறுபத்தி நாலு!" என்று கூப்பிட்டால் நெஞ்சு நிறைந்துவிடும். 217 எலப்புள்ளிக்காரர், மலையாளி, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரை ஏட்டா (மலையாளத்தில் அண்ணா) என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பெயர் வெளியே வருவது அவருக்குப் பிடிக்காது. நம்பரே இருக்கட்டும்.

நான் 1987இல் ஸ்பின்னிங்கில் சேர்ந்தபோது எனக்குச் சைடு பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நூல் நூற்கும் மெஷின்தான் ஃப்ரேம், அதன் ஒரு பக்கம்தான் சைடு. ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பக்கம் 200க்கு மேல் ஸ்பிண்டில் என்கிற கதிர்கள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 15,000 சுற்று அளவில் சுற்றும். அப்படி வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும் ஹாலில் ஈரப்பதம் குறையக் கூடாது என்று ஜன்னலை எல்லாம் மூடி வைத்திருப்பார்கள். காதோரம் வந்து கத்தினாலும் கேட்காது. எட்டு மணி நேரம் நிற்பவனுக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் ஆகாது என்று தொழிற்சாலை விதி சொல்கிறதாம். அதை எனக்கு அந்த நாளில் யாரும் சொல்லவில்லை. வேஸ்ட் பஞ்சைக் கிள்ளிக் காதில் அடைத்துக்கொள்வோம். அது எதையும் தடுக்காது என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

அதனால் கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால் இழை அறுந்திருக்கிறது. தோளைத் தட்டினால் மேஸ்திரி வருகிறார். கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துச் சுழற்றினால் "ஓடுது". சைடு முழுக்க ஒரு இழைகூட அறாமல் ஓடுகிறது என்று அர்த்தம். அப்புறம் உதடு. அவருக்கு மலையாளம், எனக்குத் தமிழ், ஆனால் ஃப்ரேமுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசும்போது அது ஒரு தடையாகவே இல்லை. வா, போ, நூல், அம்மா எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே. மகள் பிறந்ததை நான் அவருக்குச் சொன்னது அப்படித்தான், சத்தமே இல்லாமல், ஓடுகிற மெஷினுக்கு மேலே.

217இடம் ஒரு வழக்கம் உண்டு. தன் கண்ணால் சைடு முழுக்க நடந்து பார்க்காமல் "ஓடுது" காட்ட மாட்டார். ஷிஃப்ட் மாறுகிற அவசரத்தில் மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே கையைச் சுழற்றிவிட்டுப் போவார்கள். அவர் சங்கு ஊதிய பிறகும் கடைசி ஸ்பிண்டில் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கையைத் தூக்குவார்.

2009இல் மில் மூடும்போது நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். கணக்கைத் தீர்த்துக்கொண்டு போகலாம் என்றது ஒரு பக்கம், பணம் வேண்டாம் வேலைதான் வேண்டும் என்றது இன்னொரு பக்கம். மகள் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். அவர் கேட்டுக்கு எதிரே பந்தலில் உட்கார்ந்திருந்தார். செக்கோடு வெளியே வந்தபோது அவரைப் பார்க்க எனக்கு முகம் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் அவர் முதுகைப் பார்த்தேன். "ஏட்டா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள், அவர் திரும்பாமல் பாலக்காடு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் அவர் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. யாரோ பழைய லிஸ்ட்டைப் பார்த்து எழுதி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிட்டேன்.

சரி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நினைவு திரும்பிய நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்த பேரன் எங்கே? குழாய் இருந்ததால் குரல் வரவில்லை. இடது கையால் எழுதினேன், கோடுதான் வந்தது. உதட்டை அசைத்து "பேரன், பேரன்" என்றேன். பாவம் என் மனைவி, "மருந்தா? மருந்து வேணுமா?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ப-வும் ம-வும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். நான் தலையை ஆட்ட ஆட்ட, வலி தாங்கவில்லை என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டாள். ஊசி போட்டார்கள். தூங்கினேன். விழித்தேன், மறுபடி கேட்டேன், மறுபடி ஊசி. "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவனிடம் வேறு என்ன சொல்வார்கள்? அந்த வார்த்தையை நான் நம்பவில்லை. செத்தவன் வீட்டிலும் அதையே சொல்லித்தான் ஆளைக் கூட்டிப்போவார்கள் என்று தோன்றியது. இரண்டு ராத்திரி தூங்காமல் நூல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 840 கெஜம் ஒரு சிட்டம். 40 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்றால் அது 40ஆம் நம்பர் நூல். மொத்தம் 33,600 கெஜம், 30 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பவுண்டு பஞ்சை நூலாக்கினால் எல்லையில் இருக்கும் வாளையாரிலிருந்து இந்தக் கட்டில் வரைக்கும் எட்டும் என்று நினைத்தேன். பேரனைப் பற்றி நினைக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் 217 வந்தார். என் மனைவிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் தன் விசிட்டர் பாஸைக் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறாள். தலை முழுக்க நரைத்துப்போய்க் கட்டில் அருகே நின்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. என் வாயையே பார்த்தார். நான் "பேரன்" என்றேன். ஒரே தடவைதான்.

"பேரக்குட்டியா?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அவர் கையைப் பார்த்தேன். அந்தக் கை உயரவில்லை. "இரு" என்று காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த இருபது நிமிடம் நான் என்ன பாடுபட்டேன் என்பதைச் சொல்ல முடியாது. மகள் அப்புறம் சொன்னாள், குழந்தைகள் வார்டு எங்கே என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு இரண்டு மாடி இறங்கிப் போயிருக்கிறார். பேரன் படுக்கையருகே நின்று, கையைத் தூக்கச் சொல்லி, காலை மடக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவன் யாரென்று தெரியாத தாத்தா சொன்னதையெல்லாம் செய்திருக்கிறான். மறுபடி இரண்டு மாடி ஏறி வந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையை உயர்த்தினார். உள்ளங்கையை விரித்துச் சுழற்றினார்.

ஓடுது.

பார்க்காமல் அவர் அதைக் காட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி ஊசி இல்லாமல் தூங்கினேன்.

அதற்கடுத்து ஒன்பது நாள், குழாயை எடுக்கும் வரை, எலப்புள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். தாகமா, கால் மரத்திருக்கிறதா, ஏ.சி. குளிர்கிறதா என்று என் உதட்டைப் பார்த்து நர்ஸம்மாக்களுக்குச் சொல்வார். அவர்களும் அவர் வரும் நேரத்தை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் மகனும் கூட வந்தான். "அச்சனுக்கு ரெண்டு காதும் கேக்காது அங்கிள், மில் மூடறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. வெளியே சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்துத்தான் பேச்சே" என்றான். நான் அப்படியே கிடந்தேன். எனக்குக் குரல் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. எல்லாருமே அவருக்கு அப்படித்தான். கொழிஞ்சாம்பாறையில் நான் கூப்பிட்டது அவர் முதுகைப் பார்த்து. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷனைக் கோபக்காரனாக நினைத்து ஒதுங்கி இருந்திருக்கிறேன். ஏட்டா, அன்றைக்கு இரண்டு அடி முன்னால் வந்து உங்கள் எதிரே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரிகையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். எல்லையில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் டூவீலரில் போய் வழி ஒதுக்கிக் கொடுத்த, பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூமில் இருந்த 88. (2017இல் ஜி.எஸ்.டி. வந்து வரி செக்போஸ்ட் போனது என் நல்ல காலம். அதற்கு முந்தைய லாரி வரிசையாக இருந்தால் நான் இந்த மடலைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.) ரத்தம் கொடுத்த வால்வு கம்பெனிப் பையன்கள், அவர்களில் மூன்று பேர் நம் ஆட்களின் பிள்ளைகள். "பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர், லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு வந்தால் நெஞ்சை அடைக்கும் என்பார்" என்று டாக்டரிடம் ஞாபகமாகச் சொன்ன, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் இருந்த 131. அதைக் கேட்டபிறகுதான் நுரையீரலைத் தனியாகப் பரிசோதித்தார்கள். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை நிறுத்தியதிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு வாளையாரில் கேரள லாட்டரி டிக்கெட் விற்றுப் பிழைக்கும், மில்லில் நூல் நிறைந்த பாபினைக் கழற்றும் டாஃபராக இருந்த நம் தம்பி, ஒரு நாள் வசூலை அப்படியே உறையில் போட்டு அனுப்பியிருந்தான். தம்பி, அது எத்தனை டிக்கெட் என்று எனக்குத் தெரியும். கோன் வைண்டிங் அக்காமார் ஆறு பேர் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தீர்கள். கையைத் தாங்கும் தொட்டில் துணி அவிழ்ந்தபோது ஒரு அக்கா போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை.

படுத்துக்கிடந்தபோது ஒன்று முடிவு செய்தேன். நம் ஆட்களில் எத்தனை பேருக்குக் காது போயிருக்கிறது, எத்தனை பேருக்கு மூச்சு இழுக்கிறது என்று யாரிடமும் கணக்கில்லை. ஆளாளுக்கு ஒரு திசைக்குப் போய்விட்டோம். கொஞ்சம் பேர் இரும்பு உருக்கும் கம்பெனிக்கு, கொஞ்சம் பேர் திருப்பூருக்கு, கொஞ்சம் பேர் செக்யூரிட்டி வேலைக்கு. கை சரியானதும் ஒரு நோட்டுப் போடப்போகிறேன். ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், நேரில் பார்த்து எழுதுவேன். போனில் கேட்டு எழுத மாட்டேன். அதை 217இடம் கற்றுக்கொண்டேன். முதல் வேலையாக அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போவேன். வேண்டாம் என்பார், அவர் மகனும் நானும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம்.

பேரன் நேற்று வீட்டுக்கு வந்தான். நெற்றியில் நான்கு தையல். அவனுக்கு இழை அறுந்தது, மேஸ்திரி, ஓடுது மூன்றும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு வருகிறேன். முடிந்தவர்கள் வாருங்கள், தெரிந்தவர்களின் நம்பர்களையும் கொண்டுவாருங்கள். ஏட்டா, நீங்கள் எலப்புள்ளி பஸ்ஸில் வந்து இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். படிக்கட்டுக்கு நேர் எதிரே வந்து நிற்கிறேன்.