தோலை ஊறல் நீரோடு கலக்குமுன் ஒரு பங்கைத் திருப்பிவிடுங்கள்

மக்காச்சோள மாவுச்சத்து ஆலைகளை நடத்துவோருக்கு,

வணக்கம். மாவு கழுவியெடுத்த தோலைப் பிழிந்து, சுண்டக் காய்ச்சிய ஊறல் நீரோடு (மக்காச்சோளத்தை ஊறவைத்த நீர்) கலந்து, உலர்த்தித் தீவனமாக மூட்டை கட்டுகிறீர்கள். அந்தக் கலவைத் தொட்டிக்கு முன்பே தோலில் ஒரு பங்கைத் தனியே எடுக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஊறல் நீரிலுள்ள சர்க்கரையும் புரதமும் உலர்த்தியின் சூட்டில் வினைபுரிந்து தோலைப் பழுப்பாக்கிவிடும். அதன் பிறகு அதிலிருந்து தெளிந்த சாறு எடுப்பது பெரும்பாடு. கலக்காத தோலோ ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருளான ஃபெருலிக் அமிலத்தின் சுரங்கம்: உலர் எடையில் கிலோவுக்கு 30 கிராம் வரை இருக்கும். ஆனால் ஏறக்குறைய எல்லாமே நார்ச்சத்தோடு பிணைந்து கிடக்கிறது. வெந்நீரோ ஆல்கஹாலோ ஊற்றினால் கொஞ்சம்தான் வரும். "இதில் ஒன்றுமில்லை" என்று பலர் கைவிடுவது இங்கேதான்.

பிணைப்பை அறுக்கக் காரம் வேண்டும். ஒட்டிய மாவு போகக் கழுவி அரைத்த தோல் 1 பங்கு, லிட்டருக்கு 20 முதல் 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீர் 10 பங்கு; 60 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் கலக்குங்கள். மூடிய கலனில் நைட்ரஜன் செலுத்தியபடி செய்யுங்கள். காற்று பட்டால் காரக் கரைசலில் ஃபெருலிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கும். அடுத்து கரைசலின் pH 2 ஆகும் வரை வேறோர் அமிலம் விட்டு, எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானால் ஃபெருலிக் அமிலத்தைப் பிரித்தெடுங்கள். அந்த அமிலம் விடும்போது ஒரு பங்கு நார்ப்பசை திரண்டு படியும். அதை வடிகட்டாவிட்டால் நீர், கரைப்பான் ஆகிய இரு அடுக்குகளும் பிரியாமல் பால்போல் நிற்கும்.

எண்ணெய் தனிக் கதை. உலர்ந்த தோலில் ஹெக்சேன் என்ற கரைப்பான் 1 முதல் 3 சதவீதமே எண்ணெய் எடுக்கும். அளவில் அற்பம்தான், ஆனால் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் தாவர ஸ்டெரால்கள் அதில் செறிந்திருக்கின்றன. தோலின் உட்புற அலுரோன் அடுக்குதான் அவற்றின் இடம் என்பதால், நைசாக அரைத்தால்தான் கூடுதலாக வரும். மாவுச்சத்திலிருந்து பிரியும் புரதமான மஞ்சள் குளூட்டனிலுள்ள லூட்டீன், சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமிகள் ஒளியிலும் காற்றிலும் வெளுத்துப்போகும். இருட்டில், குளிர்ச்சியாக வையுங்கள்.

பூஞ்சை நச்சை மறந்துவிடாதீர்கள். சோளத்தில் அஃப்ளடாக்சின் இருந்தால் மாவுச்சத்தில் சொற்பமே தங்கும். பெரும்பகுதி ஊறல் நீருக்கும் தோலுக்கும் போய்விடும். வாயிலில் சோளம் தேறியதை நம்பித் தோலை உணவுக்கு அனுப்பாதீர்கள், தனியே சோதியுங்கள். பிழிந்த தோலில் பாதிக்கு மேல் ஈரம்தான். 10 சதவீதத்துக்கு அன்றைக்கே உலர்த்தாவிட்டால் புளித்துப் பூசணம் பிடிக்கும்.

தோலை அப்படியே பொடித்து, "ஃபெருலிக் அமிலம் நிறைந்தது" என்று உறையில் அச்சிடவும் வேண்டாம். பிணைந்த அமிலம் சிறுகுடலில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் நுண்ணுயிரிகள்தான் கொஞ்சம் விடுவிக்கின்றன.

இப்படிக்கு,
தானியப் பதப்படுத்தல் துறையினர்