உன் லாப்ரடோருக்கும் சேர்த்து ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். போகிற போக்கில் லாப்ரடோர் நாயை உன் தலையில் கட்டிவிட்டுப் போனதை வாசித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பள்ளிக்கூடக் காலத்தில் நாயைக் கண்டால் மதிலில் ஏறுகிற ஆள் நீ! இப்போது வெள்ளவத்தை மரைன் டிரைவ் நெடுக அது உன்னை இழுத்துக்கொண்டு போகிறது என்று எழுதியிருக்கிறாய். தோள் நோகிறது, நாய்க்கும் மூச்சு வாங்குகிறது, இருவருக்கும் சந்தோஷமில்லை. சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஜிம்மி சாதாரண ஊர் நாய்தான். எனக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு டொக்டர் வேகமாக நடக்கச் சொன்னார். ஜிம்மிக்கு அந்தக் கதை விளங்காது. ஒவ்வொரு வேலிக்கட்டையையும் மூக்கால் மணந்து பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த அடி வைப்பான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். போகும்போது என் நடை, திரும்பும்போது அவன் நடை. போகிற வழியில் நிற்க விடமாட்டேன். திரும்புகையில் கயிற்றை நீளமாக விட்டுவிட்டு அவன் நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன். மணப்பதை நாங்கள் வீண் நேரம் என்று நினைக்கிறோம், மச்சான். மனிதன் மூக்கில் மணம் அறியும் உணரிகள் 50, 60 இலட்சம்தான். நாய்க்கு 20 கோடிக்கு மேல். அந்த மூக்கோடு வெளியே வந்த பிராணியை நேரே பார்த்து நட என்றால் எப்படி? ஒரே தூரத்தை இழுபட்டு நடந்து வருகிற நாளைவிட, மணந்து மணந்து வருகிற நாளில்தான் ஜிம்மி வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுக்கிறான்.

இழுப்பதற்கு மருந்து பொறுமைதான். கயிறு இறுகியதும் அப்படியே நில். திட்டாதே, பதிலுக்கு இழுக்காதே. அது திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்ததும் நட. முதல் கிழமை படலையைத் தாண்டவே பாதி நேரம் போகும், பார்க்கிறவர்கள் உனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைப்பார்கள். உன் பக்கத்தில் ஒட்டி நடக்கும்போது அவித்த கோழி ஈரலில் சின்னத் துண்டு கொடு. லாப்ரடோர் சாப்பாட்டுக்காக எதையும் செய்யும். அதற்குக் காரணமும் உண்டாம்: ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடோருக்குப் பசி அடங்காமல் செய்கிற மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே நடையில் கொடுப்பதை இரவுச் சாப்பாட்டில் குறைத்துவிடு. உடம்பு வைத்தால் அந்தச் சாதிக்கு இடுப்பும் முழங்காலும் போய்விடும். கழுத்துப்பட்டியையும் மாற்று. நெஞ்சுக்கு முன்னால் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டி வாங்கினால், இழுக்கும்போது உடம்பு உன் பக்கம் திரும்பிவிடும், கழுத்தும் நெரிபடாது.

அப்புறம் வெயில். இங்கே கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார் றோட்டு கொதிக்கிறது. புறங்கையை றோட்டில் வைத்துப் பார், ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நாய்க்கு எங்களைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். அதனால் நாங்கள் விடியப் புறத்தில் டச்சு பே கடற்கரைக்குப் போய், சூரியன் ஏறுமுன் திரும்பிவிடுவோம். பின்னேரம் என்றால் நன்றாகப் பொழுது சாய்ந்த பிறகு இன்னர் ஹாபர் றோட்டுப் பக்கம். வழியை அடிக்கடி மாற்றுவேன். ஒரே ஒழுங்கையில் போய்வந்தால் எனக்கே அலுத்துவிடுகிறது.

கோட்டைப் பக்கம் மட்டும் கூட்டிப் போவதில்லை. மான்கள் அங்கே எப்படித் திரியும் என்று உனக்குத் தெரியும்தானே. இப்போது அவை டவுனுக்குள்ளும் வந்து, குப்பையில் பொலித்தீனைத் தின்றுகொண்டு நிற்கின்றன. அதைப் பார்க்க வயிறு எரிகிறது. அதற்குமேல் நாயையும் விட்டுக் கலைக்க வேண்டுமா?

கடற்கரையிலும் ஒரு கண் வேண்டும். வலை இழுக்கிறவர்கள் பேத்தை மீனை மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். காய்ந்து கருவாடானாலும் அதன் நஞ்சு போகாது. நாய் கடித்தால் ஆபத்து. தூண்டில் முள்ளும் கிடக்கும். கடல் தண்ணீரைக் குடித்தால் வயிற்றாலே போகும், அதனால் போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டு போ. திரும்பி வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பார்.

தெருநாய்கள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். கல்லெடுக்கக் குனியாதே. அவை ஓடலாம், ஆனால் உன் நாயும் மிரண்டு போகும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அந்தப் பயம் கயிறு வழியே அதற்கும் இறங்கும். தூரத்திலேயே கண்டு, எதிர்ப் பக்கத்துக்கு வளைந்து போய்விடு. நாய்களுக்கு நேருக்கு நேர் வருவது சண்டைக்கு வருவது போல. விசர்நாய் நோய் வராமல் தடுக்கிற ஊசியை வருடம் தவறாமல் போட்டுவிடு. இதில் கஞ்சத்தனம் கூடாது.

ஒன்று சொல்லவா? ஜிம்மி வந்த பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரிந்தது. முன்பு தலையை ஆட்டிவிட்டுப் போனவர்கள் இப்போது நின்று கதைக்கிறார்கள். அவர்களுக்கு என் பெயர் தெரியாது. ‘ஜிம்மியின் ஐயா’ என்கிறார்கள். வீட்டில் அதற்கும் ஒரு சிரிப்பு.

ஓகஸ்ட் லீவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். நாயையும் கொண்டுவா, வளவில் இடமிருக்கிறது. ஹபரணையில் நிறுத்தித் தண்ணீர் காட்டு. கண்ணாடியை ஏற்றிய காருக்குள் அதை விட்டுவிட்டு மட்டும் சாப்பிடப் போய்விடாதே, சில நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். வருகிற வழியில் தம்பலகாமத்தில் இரண்டு சட்டி தயிரும் வாங்கிவா, காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்