கிறிஸ்மஸ் தாத்தாவும் சீரியல் லைட்டும்

நாகர்கோவில்,
டிசம்பர் 18

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதிதான் முடிந்தது. அந்தப் பத்து நாளும் வீட்டில் ஆள் மாற்றி ஆள். கடைசி விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் காலண்டரில் கிறிஸ்மஸ் நிற்கிறது. "தீபாவளிக்கு மறுநாளே காய்ச்சலில் படுத்துவிட்டேன், பண்டிகை நமக்கா, நாம பண்டிகைக்கா" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அடுப்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

இங்கேயும் அதே கதைதான். பெங்களூரிலிருந்து வர மகனுக்கு டிக்கெட் இல்லை. 60 நாளைக்கு முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும் என்று போனும் கையுமாக உட்கார்ந்திருந்தானாம். பெயரும் வயதும் அடித்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். கடைசியில் ஆம்னி பஸ்ஸுக்கு மூன்று மடங்கு கொடுத்திருக்கிறான். தையல்காரர் இன்று, நாளை என்கிறார். வெள்ளையடிக்க வந்தவர் முன்னறையை மட்டும் முடித்துவிட்டு மழையைக் காட்டிப் போனவர்தான். இதற்கு நடுவில் நாத்தனார் போன் போட்டு, "போன வருஷம் கேக் கொஞ்சம் வறட்டினாப்ல இருந்துச்சு, பாத்துக்கோ" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷம் கேக்கைக் கடையில் வாங்கிவிடுவது என்று போனை வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

முந்திரிக்கொத்தை அப்படி விட முடியுமா? மாமியார் விடமாட்டார். சிறுபயறை வறுத்து மில்லில் கொடுத்துத் திரித்து வாங்கியாயிற்று. கருப்பட்டிப் பாகை மாவில் ஊற்றிக் கிளறி இறக்கிய நேரத்தில் மழை வலுத்து கரண்ட் போய்விட்டது. ஆறினால் உருண்டை பிடிக்க வராது, உதிர்ந்துவிடும். மெழுகுவர்த்தி தேட எழுந்தேன். "வெளிச்சம் எதுக்குட்டி, கைக்குக் கண்ணு வேணுமா?" என்று ஒரு அதட்டு. எண்பத்திரண்டு வயசு அவருக்கு. இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து பிடித்தோம். நான் சூடு பொறுக்காமல் ஊதி ஊதிப் பிடிக்கிறேன், அவர் பக்கத்தில் தட்டில் உருண்டை விழும் சத்தம் மட்டும் சீராகக் கேட்கிறது. வறுத்த தேங்காயும் சுக்கும் ஏலக்காயும் அறை முழுக்க மணக்கின்றன. போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனதால் நாத்தனார்கூடக் கூப்பிட முடியாது!

கரண்ட் வந்ததும் பார்த்தால் அவர் உருண்டையெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. என்னுடையது நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சை வரைக்கும் இருந்தது. மாவில் முக்கி மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் போட வேண்டுமே, என் கொத்தைப் பார்த்துவிட்டு, "இது கொத்து இல்ல, அப்பனும் ரெண்டு பிள்ளையளும்" என்றார். சொல்லிவிட்டு அவரே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி நடந்ததைக் கேள். வாசல் ஸ்டாரும் சீரியல் லைட்டும் எரியவில்லை என்று எங்கள் தெரு வயரிங் பையனிடம் ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது கூப்பிட்டாலும் "வழியில இருக்கேன் அக்கா". நேற்று பதினொன்றரை மணிக்கு எங்கள் அன்பியத்து (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு) கேரல் குழு வந்தது. எல்லாரும் தூறலில் நனைந்திருந்தார்கள், டிரம்முக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை. கிறிஸ்மஸ் தாத்தாவின் பஞ்சுத்தாடி ஊறி ஒரு பக்கமாகத் தொங்கியது. ஆடிக்கொண்டே வந்து மிட்டாயை நீட்டினார். விரலைப் பார்த்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. அந்தக் கையை விடுவேனா? "தாத்தா, வழியிலதானே இருந்தீரு?" என்று கேட்டேன். பாட்டு அந்தரத்தில் நின்றது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏணி இருக்கா அக்கா?" என்றான் பாவி.

மெயினை அணைத்துவிட்டு, சிவப்பு அங்கியோடு ஏறினான். வயிற்றில் கட்டியிருந்த தலையணை படிக்குப் படி இடித்தது. கீழே நாலு பேர் டார்ச் பிடிக்க, மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து பாடினார்கள். நான் கட்டன் சாயா போட்டேன். என் 'அப்பனும் பிள்ளையளும்' அத்தனையும் அங்கேயே தீர்ந்தது. ஸ்டார் எரிந்தபோது மணி பன்னிரண்டரை. எதிர்வீட்டார்கூட எழுந்து வந்து கைதட்டினார்கள்.

படுத்த பிறகு உன் நினைப்புதான். காலேஜில் சீட்டுக் குலுக்கி, பேர் வந்தவளுக்கு ரகசியமாகப் பரிசு வைக்கும் கிறிஸ்மா விளையாடுவோமே, என் டெஸ்கில் தினம் ஒரு கடலைமிட்டாய் இருக்கும். கிறிஸ்மா யார் என்று கடைசி நாள் வரைக்கும் தெரியக்கூடாது. சுற்றியிருந்த காகிதத்தில் உங்கள் வீட்டு விபூதி மணந்தது பிள்ளே! மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். நீ வந்து சொன்னபோது ஆச்சரியப்பட்டது அத்தனையும் நடிப்பு. முப்பத்தொரு வருஷம் கழித்து இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

குடிலுக்கு நெல் முளைக்கப் போட்டிருக்கிறேன், ஊசிமுனை மாதிரி எட்டிப் பார்க்கிறது. அது இருக்கட்டும், சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்கு வருவாயா மாட்டாயா? மக்கள்மார் சந்திப்புக்குக் கோட்டாற்றிலிருந்து பிள்ளையாரும் வேளிமலையிலிருந்து முருகனும் அப்பா அம்மாவைப் பார்க்கக் கிளம்பி வருகிறார்கள். உனக்குத்தான் சென்னையிலிருந்து வர லீவு இல்லை.

வர முடியாவிட்டால் சொல், ஒரு டப்பா கொரியரில் போடுகிறேன். வருகிற வழியில் கொத்து உடைந்து பொடியாகியிருந்தால் ஸ்பூனால் சாப்பிடு.

அன்புடன்,
ஜெசிந்தா