சோமர்செட்டுக்குப் பனை மெழுகு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
ஒக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருப்பது பெரிய ஆறுதல். யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குப் போகிறவர்கள் இன்னமும் நமது பழைய ஒஸ்ரின் சோமர்செட் காரைத்தான் கேட்டு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கப் பெருமையாக இருந்தது. பொனற்றில் கையை வைத்தால் நீலத் தூள் ஒட்டுகிறது, நீ அங்கே உன் காருக்குப் பூசிய மெழுகு இதற்குச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும். ஆனால் மெழுகுக்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் அதிகம். எழுத்தில் இருந்தால் தம்பியும் படித்துப் பார்த்துச் செய்வான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே காருக்கு மெழுகு பூசுவதற்கு முதற்காரணம் உப்பு. பனி விழப்போகிறது என்று வானிலை அறிக்கை சொன்னவுடனேயே லொறிகள் வந்து தெருவெல்லாம் உப்பைத் தூவிவிட்டுப் போகின்றன. உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது. அதனால்தான் விடியற்காலையில் நாங்கள் வழுக்காமல் வேலைக்குப் போய்ச் சேர்கிறோம். நமக்கு உப்பு என்றால் ஆனையிறவு உப்பளம், கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் காயவைத்து எடுப்பது. இங்கே ஹியூரன் ஏரிக்கு அடியில், கோட்ரிச் என்ற ஊரில், ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில் பாறையாக வெட்டி எடுக்கிறார்கள். உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். எந்த உப்பானாலும் இரும்புக்குப் பகை ஒன்றே. மார்கழி பிறந்தால் என் கார் கறுப்பா, சாம்பலா என்று சொல்ல முடியாதபடி வெள்ளை படிந்துவிடும். நீங்கள் பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு குறிகட்டுவான் வரை ஓடுகிறீர்கள். இங்கே நாலைந்து மாதத்துக்கு வரும் உப்பு, அங்கே ஆண்டு முழுவதும் காற்றிலேயே வருகிறது. ஆகவே இந்த மெழுகு என் காரைவிட உங்கள் காருக்குத்தான் அதிகம் தேவை.

வீட்டு வாசலில் சவர்க்காரம் போட்டுக் கார் கழுவுவதை நான் விட்டுவிட்டேன். தெருவோரக் கானில் விழும் நீர் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. நாங்கள் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீரைத்தான். காசு போட்டால் குழாயில் வேகமாகத் தண்ணீர் பாயும் கழுவுமிடங்கள் இருக்கின்றன. அங்கே கழுவி, அடிப்பக்கத்துக்கும் நன்றாகத் தண்ணீர் அடித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்துதான் மற்ற வேலை.

கழுவித் துடைத்த பிறகும் பெயின்ற் சுத்தமாகிவிடுவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் கையை விட்டுப் பொனற்றின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். பிறேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் பெயின்றில் கடித்துக்கொண்டிருக்கும். இதை எடுக்க ஒரு வகைக் களி விற்கிறார்கள். சவர்க்கார நீரைத் தெளித்து, அந்தக் களியை அழுத்தாமல் இழுத்துக்கொண்டே போனால் அழுக்கெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கீழே விழுந்த களியை மறுபடி எடுத்துப் பூசக்கூடாது. மணல் ஒட்டியிருந்தால் காரைக் கீறிவிடும்.

அடுத்தது பொலிஷ். கடைக்காரர்களே பொலிஷையும் மெழுகையும் ஒன்றாகச் சொல்லி விற்பதால் இதைத் தெளிவாக எழுதவேண்டியிருக்கிறது. பொலிஷில் மிக நுண்ணிய அரம் போன்ற துகள்கள் இருக்கின்றன. அது பெயின்றின் மேற்பரப்பைச் சிறிது தேய்த்து எடுக்கும். மெழுகு எதையும் எடுக்காது. மேலே படிந்து காக்கும். வெளுப்பைப் போக்குவது பொலிஷ். போக்கியதைத் தக்கவைப்பது மெழுகு. வெளுத்த பெயின்றின் மேல் நேரே மெழுகைப் பூசினால் இரண்டு நாளைக்குப் பளபளக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும்.

இனி அந்த மெழுகைப் பற்றி. பேணியின் பின்பக்கத்தில் கார்னோபா என்று போட்டிருந்தது. அது என்னவென்று தேடிப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களிடம்தான் சொல்லவேண்டும். கார்னோபா ஒரு பனை, அப்பா! பிரேசிலின் வடகிழக்கில், சேயாரா, பியாவுயி போன்ற வறண்ட மாநிலங்களில் வளர்கிறது. படத்தைப் பார்த்தால் வடலி என்றே சொல்வீர்கள். அதே விசிறி ஓலை. மழையில்லாத காலத்தில் ஓலைக்குள் இருக்கும் ஈரம் வற்றிவிடாமல் இருக்க அந்த மரம் ஓலையின் மேல் மெழுகைச் சுரந்து மூடிக்கொள்கிறது. அங்குள்ளவர்கள் ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, அடித்து உதிர்க்கிறார்கள். உதிரும் தூளை உருக்கி வடித்தால் மெழுகு. குருத்தோலையில் வருவது மஞ்சள் நிறம், அதுதான் முதல் தரம். முற்றிய ஓலையில் வருவது கறுத்திருக்கும். இயற்கையில் கிடைக்கும் மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று இது. 82 பாகைக்கு மேல் சூடேறினால்தான் உருகும் என்பதால் நமது வெயிலுக்கும் அசையாது. தனியாகப் பூச முடியாத அளவுக்கு இறுக்கம், அதனால் எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகும் சேர்த்துத்தான் பேணியில் அடைக்கிறார்கள். வெயிலிலும் வறட்சியிலும் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பனை உண்டாக்கியதைக் காருக்குப் பூசுகிறோம். பனங்காணிக்கு நடுவே வளர்ந்த எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் பொருள் வேறென்ன இருக்கிறது?

இதோடு, செரமிக் கலந்தது என்று விற்கும் புதிய திரவம் ஒன்றையும் வாங்கிவந்து சோதித்தேன். பொனற்றின் நடுவே ஒட்டுநாடாவை நீளமாக ஒட்டி, ஒரு பாதிக்குப் பனை மெழுகு, மறுபாதிக்குத் திரவம். பூசிய அன்று மெழுகுப் பாதியில்தான் நிறத்துக்கு ஓர் ஆழம் இருந்தது. வாரங்கள் போகப் போக, மழையில் நீர் உருண்டோடுவது மெழுகுப் பக்கத்தில் குறைந்துகொண்டே வந்தது. திரவம் பூசிய பக்கத்தில் அப்படியே நின்றது. ஆகவே வரும் பனிக்காலத்துக்கு என் காருக்குத் திரவத்தையே பூசியிருக்கிறேன். சோமர்செட்டுக்கு மெழுகுதான் என் தெரிவு. அது நீங்கள் அடிக்கடி துடைக்கிற கார்; இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசுவது உங்களுக்குச் சுமையாக இராது. பழைய எனாமலின் அழகும் அதில்தான் வெளிப்படும்.

இப்போது சோமர்செட்டைப் பற்றிக் கவனமாக வாசியுங்கள். இங்குள்ள புதிய கார்களில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. 1950களில் வந்த கார்களுக்கு அது கிடையாது, உங்கள் காருக்குப் பிறகு அடித்த எனாமலிலும் இல்லை. ஆகவே பொலிஷ் போடும்போது துணி நீலமாகும். பயப்படவேண்டாம்; வெயிலில் செத்த மேற்படைதான் வருகிறது. ஆனால் மட்காட்டின் விளிம்பிலும் கதவின் மடிப்புகளிலும் பெயின்ற் மிக மெல்லிதாக இருக்கும்; அங்கே தேய்க்கவே கூடாது. முதலில் தம்பி டிக்கி மூடியின் உட்பக்கத்தில் சிறிய இடத்தில் செய்து பார்க்கட்டும்.

வெயிலில் நிற்கும் காரில் பூசக்கூடாது. தகரம் கைக்குக் குளிர்ந்திருக்கும் காலையில், கொட்டிலுக்குள் வைத்துச் செய்யுங்கள். மாமரத்தின் கீழ் வேண்டாம், பால் சொட்டும். கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்துவிடவேண்டும். நமது நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணீரிலும் அது கரைந்திருக்கிறது; தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழுந்துவிடும். மெழுகை எவ்வளவு மெல்லிதாகப் பூசமுடியுமோ அவ்வளவு மெல்லிதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் காப்பு கூடுவதில்லை, துடைத்தெடுக்கும் வேலைதான் கூடும். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள்.

ஒரேயொரு பழக்கத்தை மட்டும் நீங்கள் விடவேண்டும். மண்ணெண்ணெய்த் துணியால் காரைத் துடைப்பதைச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு, போர்க்காலத் தடையால் பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடி எத்தனை நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த கார் அது! அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆனால் மண்ணெண்ணெய் மெழுகைக் கரைத்துவிடும், செம்மண் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகு பூசிய பிறகு ஈரத்துணியே போதும்.

மெழுகுப் பேணியை நான் அனுப்பமுடியாது. அதிலுள்ள கரைப்பான் தீப்பற்றக்கூடியது, விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தம்பி கொழும்புக்குப் போகும்போது கார்னோபா என்று கேட்டு வாங்கட்டும், பணத்தை இந்த மாதக் காசோடு சேர்த்து அனுப்புகிறேன். மைக்ரோபைபர் துணிகளும் களிக்கட்டியும் மார்கழியில் வரும் மாமியிடம் கொடுத்துவிடுகிறேன். மழை ஓய்ந்து, தையில் தொடங்கினால் பங்குனி வெயிலுக்கு முன்னே முடித்துவிடலாம்.

இன்னொன்று. மெழுகு பெயின்றைத்தான் காக்கும். அடியிலுள்ள சஸியை அல்ல. சோமர்செட்டின் பாரமெல்லாம் அந்தச் சஸியில்தான் நிற்கிறது. இங்கே பனிக்காலத்துக்கு முன் காரின் அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கிறார்கள். தம்பியை அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னாலும் கதவுகளுக்குக் கீழேயும் ஸ்குறூட்றைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது இரும்பு உள்ளே போனால் முதலில் ஒட்டுவேலை, பிறகுதான் மெழுகு. அவன் பார்த்ததும் படம் எடுத்து அனுப்பட்டும்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகன்